அந்தமானில் வீட்டுமனை: விலைச் சலுகையும் நில உரிமையும்

சொந்த வீடு என்ற நோக்கத்துக்கு அரசு உதவி பல வடிவங்களில் வருகிறது. கட்டுவதற்கு மானியம், வட்டியில் சலுகை, குறைந்த விலையில் மனை, மனை வாங்க ரொக்கம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கூரையும் சுவரும் பற்றிய திட்டங்களே மக்கள் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கின்றன. ஆனால் அவை அனைத்தும் ஒரு முன்நிபந்தனையின்மீது நிற்கின்றன. வீடு கட்டுவதற்குக் குடும்பத்தின் பெயரில் ஓர் இடம் இருக்க வேண்டும். இடமில்லாதவனுக்கு வீட்டு மானியத்தால் பயன் இல்லை.

இந்த உண்மையை ஆராய்வதற்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் போன்ற களம் நாட்டில் வேறில்லை எனலாம். பிற மாநிலங்களில் நிலம் தனியார் பலரிடம் பரவிக் கிடக்கிறது. அங்கு ஏழைக்கு மனை வாங்கித் தருவது, பெரும்பாலும் விலை கொடுக்கும் பிரச்சினையே. தீவுகளிலோ நிலம் முழுவதும் சட்டப்படி அரசின் உடைமை. விற்பவரும் ஒதுக்குபவரும் மறுப்பவரும் ஒருவரே. இத்தகைய இடத்தில் மனைக்கான அரசு உதவி என்பதன் பொருள் என்ன, அது எங்கே வெற்றி பெற்றது, எங்கே தடைப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாட்டளவில் வீட்டுமனை உதவி

கிராமப்புற நிலமற்ற தொழிலாளருக்கு வீட்டுமனை வழங்கும் திட்டத்தை மத்திய அரசு 1971 அக்டோபரில் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு 100 சதுர கஜம் வரையிலான மனையை இலவசமாக வழங்குவது அதன் நோக்கம். 1974-இல் இத்திட்டம் மாநிலங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டுக் குறைந்தபட்சத் தேவைகள் திட்டத்தில் இடம்பெற்றது. 1975-இல் அறிவிக்கப்பட்ட இருபது அம்சத் திட்டத்திலும் நிலமற்றோருக்கு வீட்டுமனை வழங்குதல் ஓர் அம்சமாயிற்று.

தமிழ்நாடு இத்துறையில் சட்ட வழியை மேற்கொண்டது. பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கு, அக்குடிசை நின்ற இடத்தையே உரிமையாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டது. வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும் என்ற நிலை அதனால் மாறியது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் கையகப்படுத்துவதை எளிதாக்கும் சட்டம் 1978-இல் வந்தது.

1985-86-இல் தொடங்கி 1996 முதல் தனித் திட்டமாக நடந்த இந்திரா ஆவாஸ் திட்டம் வீடு கட்ட உதவியது. ஆனால் மனையே இல்லாதவர்கள் அதன் பயனைப் பெற இயலவில்லை. இக்குறையைப் போக்க, 2009-இல் அத்திட்டத்தின் ஒரு பகுதியாக வீட்டுமனைத் திட்டம் சேர்க்கப்பட்டது. ஒரு மனைக்கு 10,000 ரூபாய் எனத் தொடங்கிய உதவி, பின்னர் 2013-இல் 20,000 ரூபாயாக உயர்ந்தது. மாநிலங்களில் இச்செலவை மத்திய அரசும் மாநில அரசும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. ஒன்றியப் பகுதிகளில் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்றது.

இத்திட்டம் வகுத்த வரிசைமுறை கவனிக்கத்தக்கது. குடும்பம் ஏற்கெனவே குடியிருக்கும் இடத்தைச் சட்டப்படி முறைப்படுத்த இயலுமாயின் முதலில் அதைச் செய்ய வேண்டும். இயலாவிடில் தக்க அரசு நிலத்தை ஒதுக்க வேண்டும். அதுவும் இல்லையெனில் மட்டுமே தனியார் நிலத்தை விலைக்கு வாங்கவோ கையகப்படுத்தவோ வேண்டும். அதாவது, விலை கொடுத்து வாங்குதல் கடைசி வழியாகவே கருதப்பட்டது. 2016-இல் கிராமப்புறங்களுக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டம் தொடங்கியபோதும், நிலமற்ற பயனாளிக்கு இடம் கிடைக்கச் செய்வது மாநில, ஒன்றியப் பகுதி நிர்வாகங்களின் கடமையாக வைக்கப்பட்டது. இந்த மூன்று படிகளையும் அளவுகோலாகக் கொண்டு தீவுகளின் அனுபவத்தைப் பார்க்கலாம்.

தீவுகளில் நிலம் யாருடையது?

1858-இல் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் நிறுவப்பட்டது. நாடு கடத்தப்பட்ட கைதிகளுள், குறிப்பிட்ட காலம் நன்னடத்தையுடன் கழித்தவர்கள் சிறைக் கொட்டடியிலிருந்து வெளியேறி, தாமே உழைத்துப் பிழைக்க அனுமதி பெற்றனர். அவர்களுக்குப் பயிரிடவும் குடிசை அமைக்கவும் நிலம் தரப்பட்டது. தீவுகளில் வீட்டுக்கென அரசு நிலம் அளித்த வரலாறு இவ்வாறு கைதிகளிடமிருந்தே தொடங்குகிறது. ஆனால் அந்நிலம் அரசின் தயவில் அனுபவிக்கப்பட்டதே தவிர, அவர்களுக்குச் சொந்தமாகவில்லை.

1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தென் அந்தமானில் குடியமர்ந்த ஊர்கள் இன்றும் மண்ணார்காடு, கள்ளிக்கோட்டை, வண்டூர், திரூர் என்று அவர்கள் விட்டு வந்த ஊர்களின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 1925 முதல் பர்மாவின் கரேன் மக்கள் மத்திய அந்தமானில் வெபி என்னும் ஊரை அமைத்தனர். சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து வனத் தொழிலாளர் வந்தனர். இவர்கள் அனைவரும் அரசு காட்டிய இடத்தில் குடியேறியவர்களே.

விடுதலைக்குப் பின் இந்நிலையை ஒழுங்குபடுத்திய முக்கிய சட்டம், 1966-ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் தீவுகள் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டமாகும். நிலம் முழுவதும் அரசைச் சார்ந்தது என்பதும், அரசு எழுதிக் கொடுத்தாலன்றி, நெடுநாள் அனுபவத்தாலோ வேறெவ்வழியாலோ எவருக்கும் உரிமை பிறக்காது என்பதும் அதன் அடிப்படைக் கொள்கைகள். சாகுபடியாளர், மானியதாரர், உரிமம் பெற்றவர் எனப் பல நிலைகளை அது வகுத்தது. இவற்றுள் நிலையான, வாரிசுகளுக்குச் செல்லத்தக்க உரிமையுடைய குத்தகையாளரின் நிலையே வலுவானது.

பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் நிலத்தில் எவ்வித உரிமையையும் அனுமதியின்றிப் பெற இயலாது. நிக்கோபார் தீவுகளின் பெரும்பகுதி இத்தகையதே. மனை பற்றிய எந்தத் திட்டமும் இந்த எல்லையை மதித்தே அமைய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

குடியேற்றமும் பத்து ஏக்கரும்

நாட்டுப் பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் முதல் தொகுதி 1949 மார்ச்சில் அந்தமானுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 ஏக்கர் நெல் விளையும் சமநிலமும், 5 ஏக்கர் மேட்டுநிலமுமாக 10 ஏக்கர் வழங்கப்பட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் குடியேற்றத் திட்டம் விரிவடைந்தது. கிழக்கு வங்க அகதிகளோடு கேரளம், தமிழ்நாடு, பீகார் ஆகிய பகுதிகளிலிருந்தும் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டன. 1969 முதல் பெரிய நிக்கோபாரில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன.

இத்திட்டத்தின் வெற்றிக்குக் காரணம் விலைச் சலுகை அன்று. காட்டைத் திருத்திய நிலம், உழவுக்கு உதவி, குடியிருக்க இடம், பதிவேட்டில் பெயர் ஆகியன ஒருங்கே கிடைத்தன. குடும்பம் இறங்கிய நாளிலிருந்தே தன் இடம் எது என்று அறிந்திருந்தது. குடிசை கல்வீடாவதற்கு ஒரு தலைமுறை ஆகியிருக்கலாம். ஆனால் அடுத்த தலைமுறை கட்டுவதற்கு இடம் இருந்தது.

இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரின் நிலை இதற்கு மாறானது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோரில் சில குடும்பங்கள், நிக்கோபார்த் தொகுதியின் கச்சல் தீவில் ரப்பர்த் தோட்டப் பணிக்கு அனுப்பப்பட்டன. அவர்களுக்குக் கிடைத்தது வேலையும், வேலையோடு இணைந்த குடியிருப்பும் ஆகும். பழங்குடிப் பகுதியாகையால் அங்கு மனையுரிமை தர இயலாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள், ஓய்வு பெறும் நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டிய அதே நிலையை மற்றொரு தீவில் மீண்டும் எதிர்கொண்டனர். வேலை தரும்போதே, வேலை முடிந்தபின் வாழ்வதற்கான இடத்தையும் வேறொரு தீவில் குறித்து வைத்திருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மனையற்றவர்கள் யார்?

1951-இல் தீவுகளின் மக்கள்தொகை 30,971. 1971-இல் அது 1,15,133 ஆகவும், 1991-இல் 2,80,661 ஆகவும், 2011-இல் 3,80,581 ஆகவும் உயர்ந்தது. அறுபது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்குக்கு மேற்பட்ட பெருக்கம் இது. அரசு அழைத்துக் குடியமர்த்திய குடும்பங்களால் மட்டும் இப்பெருக்கம் நேர்ந்துவிடவில்லை. சாலை, துறைமுகம், கட்டடம், மரத் தொழில் ஆகியவற்றுக்கு உழைப்பாளர் தேவைப்பட்டனர். தமிழ்நாடு, ஆந்திரம் முதலிய பகுதிகளிலிருந்து அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகவும் உறவினரைப் பின்பற்றியும் வந்தனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 சதவீதத்தினர்.

குடியேற்றத் திட்டத்தில் பெயர் பதிந்தவருக்கு 10 ஏக்கர் கிடைத்தது. அவர் வயலுக்குச் செல்லும் சாலையைப் போட்டவருக்கு ஒரு சென்ட் கூடக் கிடைக்கவில்லை. முன்னவர் குடியேறி என்றும், பின்னவர் கூலியாள் என்றும் கருதப்பட்டனர். வேலை முடிந்ததும் கூலியாள் தாயகம் திரும்புவார் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. பலர் திரும்பவில்லை. வேலைத்தலத்துக்கு அருகில், வருவாய்த் துறை நிலத்திலும் வன நிலத்திலும் குடிசை போட்டனர். பிள்ளைகள் அங்கேயே பிறந்து பள்ளிக்குச் சென்றனர். ஏடுகளில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர் ஆயினர்.

இந்நிலைக்குத் தீர்வாக ஒரு கால எல்லை வகுக்கப்பட்டது. 1978-க்கு முன்பு வன நிலத்தில் குடியேறியவர்கள் எனக் கண்டறியப்பட்ட குடும்பங்களுக்கு மாற்றிடம் தரப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் முடிவுக்கும் நடைமுறைக்கும் இடையே ஆண்டுகள் பல கடந்தன. வனப் பாதுகாப்பு தொடர்பான கோதவர்மன் வழக்கில், தீவுகளின் நிலையை ஆராய உச்ச நீதிமன்றம் 2001-இல் சேகர் சிங் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கைக்குப் பின் 2002 மே 7-இல் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. 1978-க்கு முற்பட்ட குடும்பங்களுள், ஒதுக்கிய இடத்துக்கு இன்னும் மாறாதவர்களுக்கு ஒரு மாத அறிவிப்புத் தர வேண்டும். மாறாவிடில் ஒதுக்கீட்டை நீக்கி வெளியேற்ற வேண்டும் என்று அது கூறியது.

இவ்வாணையில் பொதிந்துள்ள ஒரு செய்தியை நிர்வாகிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கால எல்லைக்குப் பின் 24 ஆண்டுகள் கழிந்த நிலையிலும், இடம் ஒதுக்கப்பட்டும் அங்குச் செல்லாத குடும்பங்கள் இருந்தன. அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பம், வேலையும் பள்ளியும் தண்ணீரும் இல்லாத இடத்துக்கு எளிதில் பெயராது. ஒதுக்கீடு என்பது பதிவேட்டில் முடிந்துவிடும் செயல் அன்று என்பதை இது காட்டுகிறது.

கால எல்லைக்கும் ஒரு குறை உண்டு. ஒரு நாளுக்கு முன் வந்தவர் உரிமையாளராகவும், மறுநாள் வந்தவர் குற்றவாளியாகவும் ஆகின்றனர். எல்லையே வகுக்காவிட்டால் காடு அழியும். இதனால் எல்லை தேவையே. ஆனால் எல்லைக்குப் பின் வருவோருக்கு முறையான வழி ஒன்று திறந்திருக்க வேண்டும். இல்லையேல், எல்லை மீண்டும் மீண்டும் தள்ளி வைக்கப்படும் என்ற எதிர்பார்ப்பே புதிய ஆக்கிரமிப்பைத் தூண்டும்.

எவ்வளவு நிலம் உள்ளது?

தீவுகளின் மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 2011-இல் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 46 பேர் மட்டுமே. நாட்டின் சராசரி 382. இதைக் காணும் எவரும், இங்கு மனைக்குப் பஞ்சம் எப்படி வரும் என்று கேட்பர்.

ஆனால் பதிவு பெற்ற காட்டின் பரப்பு 7,171 சதுர கிலோமீட்டர். அதை நீக்கினால் எஞ்சுவது 1,078 சதுர கிலோமீட்டர். மொத்தப் பரப்பில் 13 சதவீதம். மக்கள்தொகை முழுவதையும் இப்பரப்பில் வைத்துக் கணக்கிட்டால் நெருக்கம் 353 ஆகிறது. பழங்குடியினர் வாழிடங்களைத் தனியே பிரிக்காததால் இது தோராயமான கணக்கே. எனினும் தீவுகள் நாட்டின் சராசரிக்கு மிக அருகில் உள்ளன என்பது இதனால் விளங்கும். இந்த எஞ்சிய பரப்பிலேயே வயல், தோப்பு, சாலை, விமான நிலையம், துறைமுகம், அலுவலகம், படைத்தளம் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். கடலோர நிலப் பயன்பாட்டுக்கு 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த அறிவிக்கைகளின் வரம்புகளும் உண்டு. சரிவான குன்றுகளில் வீடு கட்டுவது மண்சரிவுக்கு இடமளிக்கும்.

இதே கணக்கின் மற்றொரு பக்கம் நம்பிக்கை தருவதாகும். ஒரு குடியேறிக்கு அன்று தரப்பட்ட 10 ஏக்கர் என்பது 48,400 சதுர கஜம். 1971 திட்டத்தின் அளவான 100 சதுர கஜம் வீதம் பிரித்தால் 484 மனைகள். பாதை, வடிகால், பொதுவிடம் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டாலும் 320 குடும்பங்களுக்கு இடம் உண்டு. எனவே, விவசாயத்துக்கு மீண்டும் ஏக்கர்க் கணக்கில் நிலம் தருவது இயலாவிட்டாலும், குடியிருப்புக்கு மனை தருவது இயலாத செயல் அன்று.

விலைச் சலுகையின் வரம்பு

மனை வாங்க ரொக்கம் தந்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். பொருளியலின் எளிய விதி ஒன்று இங்குப் பயன்படும். ஒரு பொருளின் அளிப்பு மாறாதிருக்கும்போது, வாங்குவோர் கையில் பணத்தைக் கூட்டினால், விலை உயருமே தவிரப் பொருள் பெருகாது.

ஓர் ஊரில் விற்பனைக்குப் பத்து மனைகளே உள்ளன எனக் கொள்வோம். இருபது குடும்பங்கள் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரத் தயாராக உள்ளன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு 20,000 ரூபாய் தருகிறது. இப்போது மனையின் விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்தை நோக்கி நகரும். பத்துக் குடும்பங்களே மனை பெறும். மற்றப் பத்துக்கும் முன்போலவே இல்லை. அரசின் உதவி விற்றவரின் வருவாயாகிவிடுகிறது. மனைகளின் எண்ணிக்கையைப் பதினைந்தாக உயர்த்தியிருந்தால் அதே செலவில் ஐந்து குடும்பங்கள் கூடுதலாக வீடு கட்டியிருக்கும்.

தீவுகளின் நிலை இவ்வெடுத்துக்காட்டுக்கு மிக நெருங்கியது. கைமாறத்தக்க நிலம் பழைய குடியேறிகளின் குடும்பங்களிடமே உள்ளது. சுற்றுலா வளர்ந்த ஸ்வராஜ் தீவு போன்ற இடங்களிலும், 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தைச் சுற்றியும் அந்நிலத்துக்கு விடுதி கட்டுவோரின் போட்டியும் உண்டு. கூலித் தொழிலாளி 20,000 ரூபாய் உதவியுடன் அப்போட்டியில் வெல்ல இயலாது. ஆகையால் மூன்றாம் படியான விலைக்கு வாங்குதல் இங்கு வலுவற்றது. முதல் இரு படிகளான முறைப்படுத்தலும் ஒதுக்கீடுமே பயன் தரத்தக்கன. அவ்விரண்டும் நிதித் துறையின் கையில் இல்லை. வருவாய்த் துறையின் நில அளவையாளர் கையில் உள்ளன.

ஆழிப்பேரலை கற்பித்தவை

2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தீவுகளின் நிலவரைபடத்தையே மாற்றின. நாட்டின் தென்முனையான இந்திராமுனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. பல இடங்களில் வயலும் வீட்டுமனையும் நிரந்தரமாகக் கடலுக்குள் சென்றன. பட்டா இருந்தும் நிலம் இல்லாத நிலை தோன்றியது.

மக்கள் முதலில் தகரக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டனர். பின்னர் 9,700-க்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள் கட்டித் தரப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை நிக்கோபார்த் தொகுதியில் அமைந்தன. இரும்பும் பலகையும் தாயகத்திலிருந்து கப்பலில் வந்தன. கரையோர ஊர்கள் உள்நிலத்துக்கு இடம் மாறின.

இங்கு எழுந்த ஒரு சிக்கல் ஆராய்வுக்குரியது. நிக்கோபார் மக்களிடையே நிலமும் தோப்பும் தனியாள் உடைமையாக இருப்பதில்லை. துஹேத் எனப்படும் பெருங்குடும்பமே அவற்றின் உரிமையாளர். யார் எங்கே வீடு கட்டுவது என்பதை மூத்தோர் முடிவு செய்வர். அங்கு மனையை விலைக்கு வாங்கவோ விற்கவோ இடமில்லை. மனையற்றவர் என்ற பிரிவும் இல்லை. அரசுக் கணக்கு தனிக் குடும்பத்துக்கு ஒரு வீடு என்றே அமைந்தது. ஒன்றாக வாழ்ந்த பெருங்குடும்பம் வரிசை வீடுகளில் பிரிந்து குடியேறியது. வீடு உறுதியானதே, ஆனால் அது நின்ற முறை அவர்கள் வாழ்ந்த முறைக்குப் பொருந்தவில்லை. மனை வழங்கும் எந்தத் திட்டமும், அங்கு நிலவும் உரிமை முறையை முதலில் கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

மனைக்குப் பின்வரும் செலவு

மனை கிடைத்தபின்னும் தீவுகளில் கட்டுமானச் செலவு மிகுதி. சென்னை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிமெண்டும் கம்பியும் கடல் கடந்தே வர வேண்டும். முற்காலத்தில் உள்ளூர் மரமே வீட்டுக்குப் பயன்பட்டது. 2002 ஆணைக்குப் பின் மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. கடற்கரை மணல் எடுப்பதையும் படிப்படியாகக் குறைக்க நேர்ந்தது. தீவுகள் நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் உள்ளமையால் அடித்தளத்தில் சிக்கனம் செய்ய இயலாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும், கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு நேர்கிறது.

எனவே மலிவான மனை என்பது விலை குறைந்த மனை மட்டும் அன்று. மேட்டைச் சமன்படுத்தும் செலவு, தண்ணீர் கொண்டுவரும் செலவு, வேலைக்குச் செல்லும் பேருந்துக் கட்டணம் ஆகியன சேர்ந்த பின்னும் மலிவாக இருப்பதே மலிவு மனை. ஊருக்கு வெளியே இலவசமாகப் பெற்ற மனையைவிட, ஊருக்குள் சிறு தொகை செலுத்திப் பெறும் மனை பல குடும்பங்களுக்கு மலிவாக அமையும்.

சிங்கப்பூர் காட்டும் வழி

அரசே பெரும் நில உரிமையாளராக இருந்து மக்களுக்கு வீடு தந்த நாட்டுக்குச் சிங்கப்பூர் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் நிறுவப்பட்டது. 1966-இல் இயற்றப்பட்ட நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் துணையோடு அரசு நிலத்தைத் திரட்டியது. 1964 முதல் வீடுகளை மக்களுக்குச் சொந்தமாக்கும் திட்டம் நடைபெற்றது. 1968 முதல் தொழிலாளர் தம் மத்திய சேமநிதியைக் கொண்டு தவணை செலுத்த இயன்றது. நிலம் அரசிடமே இருக்க, குடும்பம் 99 ஆண்டுக் குத்தகை உரிமையைப் பெறுகிறது.

அந்நகர நாட்டின் செல்வமும் அடுக்குமாடிகளும் தீவுகளுக்குப் பொருந்தா. பொருந்தக்கூடியது ஒன்று உண்டு. நிலம் அரசுடையதாக இருப்பது குடும்பத்தின் பாதுகாப்புக்குத் தடையன்று. நீண்ட காலத்துக்கு, தெளிவான விதிகளின்படி, வாரிசுகளுக்குச் செல்லத்தக்க உரிமை எழுத்தில் கிடைத்தால், வங்கி கடன் தரும். குடும்பம் துணிந்து கட்டும். எழுத்தில் உரிமை இல்லாத குடும்பம் மண் சுவரையும் தகரக் கூரையையும் தாண்டத் துணியாது. இடிக்கப்படக்கூடிய வீட்டில் எவரும் சேமிப்பைப் போட மாட்டார்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து சில நடைமுறைகள் புலப்படுகின்றன.

முதலாவதாக, வனப்பகுதியும் பழங்குடிப் பகுதியும் நீங்கலாக உள்ள அரசு நிலத்தில், குடியிருப்புக்குத் தக்க பகுதிகளைத் தீவுவாரியாக அளந்து, பட்டியலை மக்கள் அறிய வெளியிட வேண்டும். எங்கே இடம் உண்டு என்பது தெரிந்தால்தான், எங்கே இல்லை என்பதை மக்கள் ஏற்பர்.

இரண்டாவதாக, மனை வழங்குவதைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் நிகழ்ச்சியாக இல்லாமல், ஆண்டுதோறும் நடைபெறும் பணியாக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் தீவுகளில் வாழ்ந்து, வேறெங்கும் மனை இல்லாத குடும்பம் வரிசையில் பெயர் பதிந்து காத்திருக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தால், காட்டில் குடிசை போடும் தேவை குறையும்.

மூன்றாவதாக, பாதை, குடிநீர், மின்சாரம் ஆகியன அமைந்த பின்னரே ஒதுக்கீடு செய்ய வேண்டும். மனைப் பட்டாவும் வீட்டு மானியமும் ஒரே கோப்பில் செல்ல வேண்டும். பட்டா ஓர் அலுவலகத்திலும் மானியம் மற்றோர் அலுவலகத்திலும் தனித்தனியே காத்திருந்தால், முதலாவது வருவதற்குள் இரண்டாவதன் காலம் முடிந்துவிடும்.

நான்காவதாக, சலுகையில் பெற்ற மனை விரைவில் விடுதி முதலாளிகளின் கைக்குச் செல்லாதவாறு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்பனைத் தடை வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை எழுதப்படுவது குடும்பத்துக்குக் கூடுதல் காப்பாகும்.

ஐந்தாவதாக, தீவுகளுக்கு வரும் அனைவரும் மனை தேடுபவர்கள் அல்லர். சில ஆண்டுகள் உழைத்துத் திரும்ப எண்ணுவோருக்குக் குறைந்த வாடகை வீடே தேவை. நகரத் தொழிலாளருக்கு வாடகைக் குடியிருப்பு அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-இல் தொடங்கியது. தீவுகளில் கட்டுமான ஒப்பந்தங்களிலேயே தொழிலாளர் தங்குமிடத்தைக் கட்டாயமாக்கினால், நிலத்தின்மீதுள்ள நெருக்கடி தணியும்.

அந்தமானின் காடு நாட்டின் செல்வம். அதைக் காப்பதும், அக்காட்டின் ஓரத்தில் மூன்று தலைமுறையாக உழைத்த குடும்பத்துக்கு வீடு தருவதும் ஒன்றுக்கொன்று பகையான செயல்கள் போலத் தோன்றுகின்றன. உண்மையில், உரிய காலத்தில் உரிய இடத்தில் மனை தருவதே காட்டுக்கு வேலியாகும். 1949-இல் கப்பலிலிருந்து இறங்கிய குடும்பத்துக்கு அரசு காட்டிய முன்யோசனை, அதன்பின் கூலிக்கு வந்து நிலைத்த குடும்பத்துக்கும் கிடைக்குமானால், மனையின் விலையில் எவ்வளவு சலுகை என்ற கேள்வி இரண்டாவதாகிவிடும். பதிவேட்டில் அக்குடும்பத்தின் பெயர் எந்த ஆண்டில் ஏறும் என்பதே முதற்கேள்வி.